சந்தா பாக்கி

இருபத்தாறு வருஷம்
குடியாத்தம் சபையின் சந்தாப் புத்தகம்
என் இழுப்பறையில் இருந்தது.
நீலத்தில் வரவு, சிவப்பில் பாக்கி.
கர்த்தர் மறந்தாலும் மறப்பார்,
தவமணி மறக்கமாட்டார் என்று
வாலிபர் கூட்டத்தில் யாரோ கேலி பேசினார்களாம்.
கேள்விப்பட்ட இரவு
நன்றாகத் தூங்கினேன்.

தசமபாகம் தவறியதில்லை.
வெள்ளிதோறும் உபவாசம்.
அதை யாரிடமும் சொல்வதில்லை,
காபி நீட்டுகிறவர்களிடம் தவிர.

கனகராஜ் செத்தது கத்திரி வெயிலில்.
குடித்துச் செத்தவன்.
கௌண்டன்யா மணல் கொதிக்க
அதைக் கடந்து சலோமி வந்தாள்,
தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து நேராக,
விரல் நுனிகளில் மருந்துச் சிவப்போடு.
கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கேட்டாள்.
நான் புத்தகத்தைத் திறந்தேன்.
நாற்பத்தொரு மாதம் நிற்குதும்மா.
குரலை உயர்த்தவில்லை.
உயர்த்தத் தேவையில்லாதவனின் குரல் அது.

காதில் கிடந்ததைச் சேட்டுக் கடையில் வைத்து
அவள் திரும்பி வரும்வரை
வாடகை ஐஸ் பெட்டி
மணிக்கு இவ்வளவு என்று ஓடியது.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
ஸ்தோத்திரம் என்றேன்.
அவளும் ஸ்தோத்திரம் என்றாள்.

பிறகு ஒரு விடியலில்
என் வலப்பக்கம் என்னைவிட்டுப் போனது.
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி.
அதன்பின் பாகாயத்தில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே,
பல்லில் கம்பி போட்ட ஒரு பெண்
இன்னும் ஒரு அடி அங்கிள், ஒரே ஒரு அடி
என்று கெஞ்சக் கெஞ்ச
நடக்கக் கற்றேன்.
ஓசூர் மகன் முதலில் பணம் அனுப்பினான்,
பிறகு போனை எடுப்பதில்லை.

பதினோரு மாதம் கழித்து ஊர் வந்தபோது
சட்டம் ஞாபகம் இருந்தது:
ஆறு மாதம் தாண்டினால் பெயர் நீக்கம்.
நான் எழுதிய சட்டம்,
இரண்டு முறை அடிக்கோடிட்டது.

புதுப் பொருளாளர் சின்னப் பையன்.
புத்தகத்தை நீட்டினான்.
இடது கையால் என் பக்கத்தைத் தேடினேன்.
சிவப்பே இல்லை.
மாதம் தவறாமல் நீலம்.
யாருப்பா கட்டினது?
சொல்லக் கூடாதுன்னுட்டாங்க ஐயா.
பழைய கவர்களை ரப்பர் போட்டு வைத்திருந்தான்.
ஒவ்வொன்றின் மூலையிலும்
மங்கலாக ஒரு விரல்ரேகை.
சிவப்பு.

முதலில் வந்தது நன்றியல்ல.
கோபம்.
இவள் யார் எனக்குக் கட்ட?

எண்ணி எடுத்துக்கொண்டு
செதுக்கரைக்கு ஆட்டோ பிடித்தேன்.
சலோமி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
பணத்தைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.
வாங்கவில்லை.
ரசீது போட்டாச்சே ஐயா,
இனிமே எப்படித் திருப்பறது?

குத்தினாளா, உள்ளபடி சொன்னாளா,
இன்றுவரை தெரியவில்லை.
மன்னிச்சிட்டியா என்று கேட்க எழும்பியது.
வாயின் வலது ஓரம் ஒத்துழைக்கவில்லை.
அவள் எழுந்து
என் செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு
மறுபடி பாத்திரத்துக்குப் போனாள்.

இதைச் சாட்சியாகச் சொன்னேன்,
போன ஞாயிறு, பீடத்துக்கு முன் நின்று.
சரியான இடத்தில் தொண்டை அடைத்தது.
பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின.
ஆயர் என் தோளில் கை வைத்தார்.
அப்போதுதான் கேட்டது,
உள்ளே ஒருவன் பேனா மூடியைத் திறக்கும் சத்தம்.
தாழ்மை: வரவு.
நீல மையில்.

பின்வரிசையில் சலோமி
இரவு ஷிஃப்ட் முடித்த களைப்பில்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் அவள் பெயரில் நான் கட்டலாமென்று
ஒரு கவர் எடுத்தேன்.
இடது கை எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல.
சலோ என்பதுவரை எழுதினேன்.
எந்தத் தட்டில் போட்டால்
யார் கண்ணில் படும் என்று
ஒரு நினைப்பு ஓடியது.
பேனாவை வைத்துவிட்டேன்.

கவர் மேசைமேல் கிடக்கிறது.
மின்விசிறிக் காற்றில்
அரைப் பெயர் படபடக்கிறது.